ஈரல்தின்னி ஜான்ஸ்டனும் 300 க்ரோ வீரர்களும்

வாட்ஸப்பிலும் ட்விட்டரிலும் சுற்றும் ஓர் அசைபடம் உண்டு. ரோமக் கோட்டு, அடர்ந்த தாடி, பின்னால் மலைக்காடு. கேமரா கிட்டே போகப் போக அந்த ஆள் மெல்லச் சிரித்துத் தலையை ஆட்டுவார். ‘அப்படிப் போடு’ என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போடுகிறோம். வேறு ஏதோ நகைச்சுவை நடிகர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் அவர் ராபர்ட் ரெட்ஃபோர்ட். படம் 1972இல் வந்த ‘ஜெரமையா ஜான்சன்’. மலையில் தனியாக வாழப் போன ஒருவன், மனைவியை க்ரோ பழங்குடியினர் கொன்றதும் பழிவாங்கும் ஆளாக மாறுகிற கதை. அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் நிஜமாகவே ஓர் ஆள் இருந்தார். அவர் பெயர் ஜான் ஜான்ஸ்டன். ஊர் வைத்த பெயர் ஈரல்தின்னி ஜான்ஸ்டன். படத்தில் ஈரல் பற்றிப் பேச்சே கிடையாது, அதை நாசூக்காக விட்டுவிட்டார்கள்.

சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு இந்த வகைப் பழிக்கதை பழக்கமானதுதான். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

1843 வாக்கில் ஜான்ஸ்டன் அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதிக்கு வந்து, ஹாட்சர் என்ற பழைய வேட்டைக்காரரிடம் தொழில் கற்றுக்கொள்கிறார். லிட்டில் ஸ்நேக் ஆற்றங்கரையில் குடிசை. 1847இல் ஃப்ளாட்ஹெட் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகளை மணக்கிறார். பனிக்காலம் முழுக்கப் பொறி வைத்துவிட்டு வசந்தத்தில் திரும்பினால், குடிசை வாசலில் மனைவியின் எலும்புகள், கூடவே பிறக்காத குழந்தையின் மண்டை. செய்தது க்ரோ இளைஞர்கள். அன்றிலிருந்து 25 ஆண்டுகள் கண்ணில் பட்ட க்ரோ ஆண்களை எல்லாம் கொன்று, தலைத்தோலை உரித்து, ஈரலைத் தின்கிறார். ஈரல் இல்லாமல் மறுவுலகம் போகமுடியாது என்பது க்ரோ நம்பிக்கையாம், அதனால் ஈரல். மொத்தம் 300 பேர். க்ரோக்கள் தங்கள் சிறந்த வீரர்கள் 20 பேரைத் தேர்ந்து, ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே அனுப்புகிறார்கள். இருபது பேரும் செத்துப்போகிறார்கள். நடுவில் ஒருமுறை ப்ளாக்ஃபுட் பழங்குடியிடம் பிடிபட்டு, காவலாளியைக் கொன்று, அவன் காலை வெட்டி எடுத்துக்கொண்டு, அதையே தின்று 200 மைல் பனியில் நடந்து தப்புகிறார். கடைசியில் க்ரோக்களோடு சமாதானம்.

இது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்க்கவேண்டும். டெல் கூ என்ற வேட்டைக்காரர், ஜான்ஸ்டனின் கூட்டாளி என்று சொல்லப்படுபவர், இதை வாய்வழியாகச் சொன்னார். அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டதாக ஒயிட்-ஐ ஆண்டர்சன் என்ற முதியவர் சொன்னார். ஆண்டர்சனிடம் கேட்டு எழுதிக்கொண்டவர் ரேமண்ட் தார்ப். தார்ப்பும் ராபர்ட் பங்க்கரும் சேர்ந்து அதை 1958இல் ‘க்ரோ கில்லர்’ என்ற புத்தகமாக்கினார்கள். வெளியிட்டது ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் என்பதால் அதற்கு வரலாற்று நூலின் மரியாதை கிடைத்துவிட்டது. 1965இல் வார்டிஸ் ஃபிஷர் இதே சரக்கை வைத்து ‘மவுன்டன் மேன்’ நாவலை எழுதினார். இந்த இரண்டும் சேர்ந்து 1972 படமானது. ஆக, நடந்ததாகச் சொல்லப்படும் 1847க்கும் அச்சேறிய 1958க்கும் நடுவே 111 ஆண்டு, மூன்று வாய். வாய்வழிக் கதை என்பதற்காக நான் எதையும் தள்ளுவதில்லை. ஆனால் வாய்வழிக் கதைக்கு ஒரு குணம் உண்டு: இடங்களையும் உணர்ச்சியையும் பத்திரமாக வைத்திருக்கும், எண்ணையும் ஆண்டையும் காரணத்தையும் கைமாற்றிவிடும். சோதிக்கவேண்டியது இந்த மூன்றைத்தான்.

ஆண்டிலிருந்து தொடங்கலாம். பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலை வாங்கும் வியாபாரிகளும் வேட்டைக்காரர்களும் ஆண்டுக்கொருமுறை கூடும் பெரிய சந்தை கடைசியாக நடந்தது 1840இல், கிரீன் ஆற்றங்கரையில். ஐரோப்பாவில் பட்டுத் தொப்பி வந்து பீவர்தோல் தொப்பி போய்விட்டது, விலையும் விழுந்துவிட்டது. 1843இல் தொழில் கற்க வருபவர் கடையைச் சாத்திய பிறகு வருகிறார். வரக்கூடாது என்றில்லை. ஆனால் அவர் அங்கே இருந்ததற்கு அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது வேண்டுமே? வியாபாரிக் கணக்கிலோ கோட்டைப் பதிவிலோ பயணி ஒருவரின் நாட்குறிப்பிலோ 1840களிலும் 50களிலும் இந்த ஜான்ஸ்டன் தலைகாட்டவில்லை. அவரைப் பற்றியே சொல்லப்படும் இன்னொரு கதை, அவர் 1846இல் மெக்சிகப் போருக்காகக் கடற்படையில் இருந்தார், அதிகாரியை அடித்துவிட்டு ஓடிப்போய் கேரிசன் என்ற குடும்பப்பெயரை ஜான்ஸ்டன் என்று மாற்றிக்கொண்டார் என்கிறது. 1843இலிருந்து மலையில் இருந்தவர் 1846இல் எப்படிக் கப்பலில் இருந்தார் என்பதைக் கதை சொல்பவர்கள் கண்டுகொள்வதில்லை.

இடத்தையும் பாருங்கள். லிட்டில் ஸ்நேக் ஆறு கொலராடோ–வயோமிங் எல்லையில் ஓடுவது. ஃப்ளாட்ஹெட் மக்களின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு மேற்கு மான்டானாவில். இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். க்ரோக்களின் யெல்லோஸ்டோன்–பிக்ஹார்ன் பகுதியோ குடிசைக்கு வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல். க்ரோக்கள் குதிரை பிடிக்க வெகுதூரம் போகிறவர்கள்தான், ஒருமுறை நடந்திருக்கலாம். ஆனால் 25 ஆண்டுகள் ஓயாமல் நடக்கும் பகைக்கு இந்தத் தூரம் ஒத்துவராது.

எண்ணுக்கு வருவோம். ஃபோர்ட் யூனியன் என்ற வியாபாரக் கோட்டையில் பல ஆண்டு தொழில் செய்த எட்வின் டெனிக் 1850களின் நடுவில் க்ரோக்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி அப்போது சுமார் 460 கூடாரங்கள். கூடாரத்துக்குப் போரிடும் வயதில் இரண்டு ஆண் என்று தாராளமாகவே வைத்தாலும் 920 பேர். அதில் 300 பேரை ஒரே ஆள் கொன்றால் மூன்றில் ஒன்று போயிற்று. க்ரோக்கள் ஏன் குறைந்துவருகிறார்கள் என்பதற்கு டெனிக் காரணம் சொல்கிறார்: நோய், வடக்கே ப்ளாக்ஃபுட் பழங்குடி, கிழக்கே சூ பழங்குடி. ஈரல் தின்னும் வெள்ளைக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. வியாபாரிகளுக்கு வதந்திதான் செய்தித்தாள். இப்படி ஒருவர் உலவியிருந்தால் முதல் பக்கமே அவர்தான்.

அந்த இருபது வீரர் விஷயம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் மூட்டுவது. க்ரோ சமூகத்தில் ஒருவர் தலைவராக நான்கு செயல்கள் முடித்திருக்கவேண்டும். எதிரியைக் கையாலோ கோலாலோ முதலில் தொடுவது, எதிரியின் ஆயுதத்தைப் பறிப்பது, எதிரி முகாமுக்குள் கட்டியிருக்கும் குதிரையை அவிழ்த்துக்கொண்டு வருவது, ஒரு படையெடுப்பை நடத்தி ஆட்களைச் சேதமில்லாமல் திருப்பிக் கூட்டிவருவது. நாலாவதைக் கவனியுங்கள். ஆட்களை இழந்து வருபவனுக்கு அங்கே பெருமை கிடையாது. பத்தொன்பது பேர் போய்த் திரும்பாத இடத்துக்கு இருபதாவது ஆளைத் தனியாக அனுப்பும் வழக்கம் இந்த விதிகளோடு பொருந்தவே பொருந்தாது. அது நாயகனின் கணக்கைக் கூட்டுவதற்காக எதிரிகள் வரிசையில் நிற்கும் கதைமரபு.

கால் கதையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் அருவருப்பாக இருந்தாலும். அதில் ஒரு துண்டு நம்பும்படி இருக்கிறது. பதனிடாத தோல்வாரால் கட்டியதைப் பல்லால் மென்று அறுத்தார் என்கிறார்கள். பச்சைத்தோல் காய்ந்தால் கட்டை, நனைந்தால் இளகி நீளும். எச்சிலில் ஊறவிட்டு மென்றால் அது இடம் கொடுக்கும். தோல் வேலை தெரிந்த யாரோ சொன்ன விவரம் அது. மற்றது தேறாது. 65 கிலோ ஆளின் ஒரு கால் 10, 11 கிலோ. எலும்பும் தோலும் போகத் தசை ஐந்தாறு கிலோ. கொழுப்பில்லாத பச்சை இறைச்சி கிலோவுக்குச் சுமார் 1,200 கலோரி, ஆக மொத்தம் மிஞ்சினால் 7,200. கதைப்படி இடுப்புக்கு மேல் துணியில்லாமல் கடுங்குளிரில் பனியை மிதித்து நடக்கும் பெரிய உடம்புக்கு ஒரு நாளைக்கு 4,000 கலோரிக்குக் குறையாது. 200 மைல் என்பது 320 கிலோமீட்டர். பனிக்காலணி இல்லாமல் நாளுக்கு 15 கிலோமீட்டர் என்றால் மூன்று வாரம். கையில் இருப்பது இரண்டு நாள் தீனி. கொழுப்பே இல்லாத இறைச்சியை மட்டும் தின்றால் பசி அடங்காமல் பேதி கண்டு ஆள் விழுவான் என்பது முயல்கறியை நம்பிய வட அமெரிக்க வடகோடி வேட்டைக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த சங்கதி. உடம்பின் சூடு முதல் இரவிலேயே போயிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை, படம் பார்த்தவர்களுக்காக. தொடக்கத்தில் நாயகன் 50 காலிபர், அதாவது குழல்வாய் அரை அங்குலம் உள்ள ஹாக்கன் துப்பாக்கி தேடி, கிடைக்காமல் 30 காலிபரோடு மலையேறுகிறான். செயின்ட் லூயிஸில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கிகளுக்கு மலையில் பெரிய மதிப்பு. குட்டையான கனத்த குழல், எடை நாலரைக் கிலோவுக்கு மேல். 50 காலிபர் ஈயக்குண்டு 11 கிராமுக்குச் சற்று மேல், 30 காலிபர் குண்டு இரண்டரை கிராம்கூட வராது. இரண்டாவதை வைத்துக்கொண்டு கரடி முன்னால் நிற்பது தற்கொலை. பிற்பாடு உறைந்துபோன ஒரு பிணத்தின் கையிலிருந்து 50 காலிபர் அவனுக்குக் கிடைக்கும். அந்த இடத்தில் படம் செய்த வீட்டுப்பாடம் சரியாக இருக்கிறது. குழல்வாயில் மருந்தைக் கொட்டி, எண்ணெய்த்துணியில் சுற்றிய குண்டை வைத்து, கழியால் அடிவரை தள்ளி, கடைசியில் துப்பாக்கியின் காது என்ற சிறு முனையில் தீப்பொறி எழுப்பும் உலோகத் தொப்பியை மாட்டவேண்டும். நின்று செய்தால் அரை நிமிடம். குண்டு அடிவரை போய் உட்காராமல் இடைவெளி விட்டால் குழலே பிளக்கும். அவசரத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் இதுதான். இந்த ஆயுதத்தோடு ஓர் ஆளுக்கு ஒரு வேட்டுதான் கணக்கு. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்பதால்தான் கதையில் எல்லோரும் ஒவ்வொருவராக வருகிறார்கள்.

இனி காகிதத்தில் இருக்கும் ஜான்ஸ்டன். 1824 வாக்கில் நியூ ஜெர்சியில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது 1864இல் செயின்ட் லூயிஸில் சேர்ந்து, இரண்டாம் கொலராடோ குதிரைப்படையின் எச் கம்பெனியில் சாதாரணச் சிப்பாயாக இருந்து, மறு ஆண்டு முறையாக விடுவிக்கப்பட்டவர். இங்கிருந்து பிடி கிடைக்கிறது. 1860களின் இறுதியில் அவர் மிசௌரி ஆற்றில் விறகுவெட்டி.

விறகுவெட்டி என்றதும் ஏளனமாக நினைக்கவேண்டாம், அந்த ஆற்றின் போக்குவரத்தே அவர்களை நம்பித்தான் இருந்தது. 1860இல் முதல்முறையாக நீராவிப் படகு மேல் மிசௌரியின் ஃபோர்ட் பென்டன் வரை போனது. செயின்ட் லூயிஸிலிருந்து ஆற்றுவழியாக 2,300 மைல். ஒரு படகு ஒரு நாளுக்கு 25 முதல் 30 கார்டு விறகு தின்னும். ஒரு கார்டு என்பது 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு அடுக்கிய கட்டு, அதாவது 128 கன அடி. அந்தக் கரையில் கிடைப்பது பெரும்பாலும் பருத்திமரம் என்று சொல்லப்படும் நெட்டை மரம். பச்சையாக வெட்டிப் போட்டால் நீராவி எழும்பாது, படகு நீரோட்டத்தை எதிர்த்து நகராது. ஆகவே பனிக்காலத்திலேயே வெட்டிப் பிளந்து, காயப்போட்டு, வசந்த வெள்ளத்தோடு படகுகள் வரும்போது கரையோரம் தயாராக அடுக்கியிருக்கவேண்டும். இரண்டு மூன்று பேராக, அடுத்த மனித முகத்துக்குப் பத்திருபது மைல் தள்ளி, மாதக்கணக்கில் இருக்கவேண்டும்.

சூ பழங்குடியினருக்கு இது ஏன் ஆகவில்லை? அதே மரங்கள்தான் அவர்களுக்குப் பனிக்காலக் கூடார இடம், காற்றுக்கு மறைப்பு. புல் பனியில் மூடிப்போனால் குதிரைகளுக்குத் தீனி அந்த மரப்பட்டைதான். படகுகள் கொண்டுவரும் கூட்டத்தையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறகுவெட்டிகள் அடிக்கடி கொல்லப்பட்டார்கள், அவர்களும் கொன்றார்கள். மனைவியும் குடிசையும் தேவையில்லாத பகை இது. இரண்டு தரப்புக்கும் அதே மரம் வேண்டியிருந்தது.

1869 மே மாதம், மசல்ஷெல் ஆறு மிசௌரியில் கலக்கும் இடத்து வியாபாரக் குடியிருப்பை சூ வீரர்கள் தாக்கினார்கள். வியாபாரிகளும் விறகுவெட்டிகளும் திருப்பித் தாக்கி, ஓடை வெட்டிய பள்ளம் ஒன்றில் அவர்களை மடக்கிக் கொன்றார்கள். பிறகு நடந்ததுதான் முக்கியம். செத்தவர்களின் தலையை வெட்டி, வேகவைத்துச் சதையை நீக்கி, மண்டைகளைக் கரையோரம் கழிகளில் குத்தி வைத்தார்கள். அடுத்த சில வாரங்களில் படகில் அந்த வழியாகப் போன ஜோசப் ஹென்றி டெய்லர் இந்த மண்டை வரிசையைப் பார்த்து எழுதியிருக்கிறார். கூடவே, ஊன்றுகோலில் சாய்ந்தபடி காலில் கட்டோடு நின்ற ஒரு பெரிய உருவத்தையும் பார்த்தார். அது ஜான்ஸ்டன். மண்டைகளுக்கு அன்று கிராக்கியும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகம், பழங்குடியினரின் மண்டையோடுகளை ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்புமாறு தன் மருத்துவர்களைக் கேட்டிருந்தது.

ஈரல் விவகாரமும் இதே ஆற்றங்கரையில், இதே காலத்தில், சூ ஆட்களோடு நடந்த ஒரு சண்டையைச் சேர்ந்தது. ஜான்ஸ்டனே பிற்காலத்தில் சொன்னதன் சாரம்: விழுந்து கிடந்தவனைக் குத்தி உருவியபோது கத்தியில் ஈரல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, அதைப் பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டி உனக்கொரு துண்டு வேண்டுமா என்று கேட்டேன், தின்னவில்லை, வேடிக்கைக்குச் சொன்னது. அது வயிற்றைக் குமட்டும் வேடிக்கைதான், ஆனால் நம்பத்தகுந்த வேடிக்கை. ஈரல் உடம்பின் வலப்பக்கம் விலாவுக்கு உட்புறம் உட்கார்ந்திருப்பது, ஒன்றரைக் கிலோ வரும். அதை முழுசாக எடுக்க விலாவுக்குக் கீழே கிழித்து, உதரவிதானத்திலிருந்து அறுத்துப் பிரிக்கவேண்டும், குண்டு பறக்கும் இடத்தில் அதற்கு அவகாசம் இல்லை. கத்தி போய் வரும்போது ஒரு துணுக்கு வருவதற்கு அவகாசமே தேவையில்லை.

அங்கே நின்றவர்களுக்கு அந்த வேடிக்கை ஏன் உடனே புரிந்தது என்றும் யோசிக்கவேண்டும். சமவெளியில் காட்டெருமையை வீழ்த்தியதும் வயிற்றைக் கிழித்து, ஈரலைச் சூடு ஆறுமுன் பச்சையாக, மேலே பித்தநீர் தெளித்துத் தின்பது பழங்குடியினருக்கும் வெள்ளை வேட்டைக்காரர்களுக்கும் பொதுவான பழக்கம். அந்தக் கரையில் இருந்த எல்லோரும் அப்படித் தின்றவர்கள். செத்த மனிதனை வேட்டையில் விழுந்த மிருகமாக ஆக்கியதுதான் அந்த ஒற்றைக் கேள்வி. சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது க்ரோக்களை எங்கே பொருத்துவது? எங்கும் பொருத்தமுடியாது என்பதுதான் விஷயம். சூ ஒரு பக்கமும் ப்ளாக்ஃபுட் ஒரு பக்கமும் நெருக்க, க்ரோக்கள் வெள்ளையரோடு ஒத்துப்போவதையே உத்தியாகக் கொண்டவர்கள். 1876இல் சூ மக்களோடு போரிடப் போன அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டருக்குச் சாரணர்களாக, அதாவது முன்னே போய் உளவு பார்ப்பவர்களாகப் போனவர்களில் ஆறு பேர் க்ரோ. அந்த ஆண்டுப் பனிக்காலத்தில் ஜெனரல் நெல்சன் மைல்ஸின் படைக்கும் க்ரோக்கள் சாரணர்களாக இருந்தார்கள். அந்த மைல்ஸ் படையில் ஜான்ஸ்டனும் சாரணர். தங்கள் இனத்தில் 300 பேரைத் தின்றவரோடு ஒரே முகாமில் சோறு தின்ன எந்தக் க்ரோ சம்மதித்திருப்பார்? சமாதானம் ஆகிவிட்டது என்று கதை சமாளிக்கிறது. எனக்குப் போதவில்லை.

க்ரோ பகை எங்கிருந்து முளைத்தது என்பதற்கு என்னிடம் ஒரு சந்தேகம் உண்டு. 1884இல் ஹார்ட்விக் என்பவர் ‘கிரேட் ராக்கி மவுன்டன் ஷோ’ என்று ஒரு கூத்துக் குழுவைக் கிளப்பினார். அதில் எல்லைப்புறத்தில் பேர்பெற்ற பெண்ணான கலாமிட்டி ஜேன் உண்டு, ஜான்ஸ்டன் உண்டு, கஸ்டரின் சாரணர்களில் ஒருவரான கர்லி உட்படச் சில க்ரோ ஆட்களும் உண்டு. கிழக்கத்திய நகரத்துக் கூட்டத்துக்கு முன்னால் பழங்குடி வேஷத்துக்கு இருந்தது க்ரோக்கள், அவர்களோடு பொய்ச்சண்டை போட்டது ஈரல்தின்னி. குழு சீக்கிரமே நொடித்துப் போயிற்று. சுவரொட்டிக்காகச் செய்துகொண்ட பகை பிறகு பழைய வேட்டைக்காரர்கள் வாயில் நிஜப் பகையாக ஊறியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

அதற்கு முன்னும் பின்னும் அவர் சட்டத்தின் ஆள். 1880களில் யெல்லோஸ்டோன் கரையில் கூல்சன் என்ற முரட்டு ஊரில் துணை ஷெரிஃப். 1882இல் ரயில் கம்பெனி பக்கத்திலேயே பில்லிங்ஸ் என்று புது ஊரை எழுப்பியதும் கூல்சன் காலியானது. பிறகு ரெட் லாட்ஜ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் காவலர். வயதும் வாதமும் சேர்ந்து படுத்தியதும், 1899 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து முன்னாள் சிப்பாய்கள் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1900 ஜனவரி 21இல் இறந்தார். அங்கே சிப்பாய்களுக்கான கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

அதோடு முடிந்திருக்கவேண்டியது. படம் வந்த பிறகு, கலிஃபோர்னியாவின் லங்காஸ்டர் ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 25 பேர் தங்கள் ஆசிரியரோடு சேர்ந்து, நெடுஞ்சாலை இரைச்சலில் படுத்திருக்கும் மலைமனிதரை மலைக்கே அனுப்பவேண்டும் என்று ஆறு மாதம் கடிதம் எழுதினார்கள். அனுமதி கிடைத்தது. 1974 ஜூன் 8இல் வயோமிங்கின் கோடி நகரில் மறு அடக்கம், ஏறத்தாழ 2,000 பேர் கூடினார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் ரெட்ஃபோர்டும் ஒருவர். வேடம் போட்டவர் அசல் ஆளின் பிணத்தைச் சுமந்த நிகழ்ச்சி சினிமா வரலாற்றில் அதிகம் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் புதைத்தது படத்தில் பார்த்தவரை.

இந்த வார்ப்பு ஜான்ஸ்டனுக்கு மட்டும் உரியதல்ல. பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் டாம் குவிக் என்று ஒருவர். 1756இல் அவருடைய தந்தையை லெனாபே மக்கள் கொன்றார்கள். மகன் சபதம் எடுத்து 99 பேரைக் கொன்றதாகவும், சாகும்போது நூறாவது ஆளைக் கொண்டுவரச் சொன்னதாகவும் கதை. அங்கும் எண் வட்டமானது, அங்கும் எலும்பை இடம் மாற்றி, 1889இல் துத்தநாகத் தூண் ஒன்றை நட்டார்கள். 1997 டிசம்பரில் யாரோ சம்மட்டியால் அதை உடைத்தார்கள். பழுது பார்த்துத் திரும்ப நிறுத்தலாமா கூடாதா என்று ஊர் இரண்டுபட்டது. சந்தையில் இளைத்த மாட்டுக்குக் கொம்பில் சாயம் பூசி நிறுத்துவதுபோல, இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் முதலில் குடும்பத்தில் ஒரு சாவு வந்துவிடுகிறது. அது இல்லாமல் 99ஐயோ 300ஐயோ கேட்பவர் விழுங்கமாட்டார்.

ஜான்ஸ்டனிடம் எனக்கு இடிப்பது அதுதான். நடந்ததாகத் தெரிவதில் பழி இல்லை. விறகு வியாபாரமும் எல்லைச் சண்டையும் வேகவைத்த மண்டைகளும் ஒரு கேவலமான வேடிக்கையும்தான் இருக்கின்றன. நடந்ததற்குச் சான்று இல்லாததில்தான் மனைவியும் குழந்தையும் சபதமும் வருகின்றன. கொன்றவர்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டதோ அந்த ஆற்றங்கரைச் சண்டையில் எதிர்த்தரப்பிலேயே இல்லாத க்ரோக்கள். படத்தைப் பார்த்த தலைமுறைகளுக்கு க்ரோ என்றாலே பதுங்கி வரும் கொலையாளி என்ற பிம்பம் பதிந்துபோனதற்கு ஜான்ஸ்டன் பொறுப்பில்லை. அவர் பெயரை எழுதிப் பிழைத்தவர்கள் பொறுப்பு.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கல்லறை கோடி நகரின் மேற்கு ஓரத்தில் ‘ஓல்ட் டிரெயில் டவுன்’ என்ற வளாகத்தில் இருக்கிறது. யெல்லோஸ்டோன் பூங்காவின் கிழக்கு வாசலுக்குப் போகும் அதே சாலை, வாசலிலிருந்து சுமார் 50 மைல். கோடைகாலத்தில்தான் திறந்திருக்கும். பழைய மரவீடுகளைப் பல இடங்களிலிருந்து கொண்டுவந்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஜான்ஸ்டனின் வெண்கலச் சிலை முன்னால்தான் கூட்டம் படம் எடுக்கும். அதே வளாகத்தில் க்ரோ சாரணர் கர்லியின் மரவீடும் இருக்கிறது, தவறவிடாதீர்கள். ரெட் லாட்ஜில் ஜான்ஸ்டன் வாழ்ந்த சிறு குடிசையைக் காத்துவைத்திருக்கிறார்கள், கோடியிலிருந்து காரில் ஒன்றரை மணிநேரத்துக்குள் போய்விடலாம். மசல்ஷெல் ஆறு மிசௌரியில் கலந்த இடத்துக்குப் போய்ப் பயனில்லை. 1930களில் கட்டிய ஃபோர்ட் பெக் அணையின் ஏரி அதை எடுத்துக்கொண்டது.